மரபும் முதற்படியும்

இளைஞர்க்கு மரபில் நாட்டமில்லை என்பர் சிலர். அது பொருந்தாது என்பதற்கு மோட்டார் சைக்கிளே சான்று.

1903இல் அமெரிக்காவில் தோன்றிய ஹார்லி டேவிட்சனுக்குப் பழம்பெருமை மிகுதி. புதிய ஓட்டுநரைச் சேர்ப்பதோ அரிதாயிற்று. ஏன்? லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் ஓடுவனவற்றுள் சிறிய வண்டிகளே மிகுதி. சிங்கப்பூரில் முதல் உரிமம் 200 சிசி வரைக்கே. அடுத்தது 400 வரை. அதற்குமேல் மூன்றாம் படி. ஒவ்வொரு படியிலும் ஓராண்டேனும் காத்திருத்தல் வேண்டும். 2022இல் வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே 10,000 வெள்ளியைக் கடந்தது. ஹார்லியின் பெரும்பாலான வண்டிகள் மூன்றாம் படியில் நிற்பன.

1955இல் சென்னையில் காலூன்றிய என்ஃபீல்டும் 1990களில் நலிந்ததே. பின்னர்ப் பழைய தோற்றத்துள் புதிய எந்திரம் வைத்து, பெரும்பாலும் 350 சிசி அளவிலேயே நின்று மீண்டது. மரபை அது கைவிடவில்லை, ஏறுவதை எளிதாக்கிற்று.

ஹார்லியும் 2023இல் ஹீரோவுடன் கூடி இந்தியாவில் எக்ஸ் 440 வண்டியை வெளியிட்டது. நல்ல முயற்சியே, ஆயின் சிங்கப்பூர்க் கணக்கில் அதுவும் 40 சிசி மிகை.

தமிழாசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. ஆத்திசூடியைத் தாண்டிக் காப்பியத்தில் ஏற்றப்பட்ட மாணவன் இறங்கிவிட்டால், குறை காப்பியத்தினுடையதும் அன்று, மாணவனுடையதும் அன்று.