பழிவாங்குதலும் பாவ அறிக்கையும்: ஒரு நாவலைக் குறித்து

அமெரிக்க மேற்குப் பகுதியின் மாட்டுப் பண்ணைகளையும் துப்பாக்கி வீரர்களையும் பற்றிய நாவல்களை இறையியல் மாணவர் எவரும் தம் பாடநூல்களோடு சேர்த்து அடுக்கி வைப்பதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை அந்த மதிப்புக்கு உரியவையும் அல்ல. அநீதிக்குள்ளான பண்ணையாளன் குதிரையேறிப் புறப்படுகிறான். கொள்ளையரைத் தேடிக் கொல்லுகிறான். வாசகனும் மனநிறைவோடு புத்தகத்தை மூடுகிறான். கொல்லப்பட்டவர்கள் குற்றவாளிகள்தாமா என்ற ஐயம் நமக்கு எழாதபடி ஆசிரியர் முன்னரே பார்த்துக்கொள்ளுகிறார். வால்டர் வான் டில்பர்க் கிளார்க் 1940இல் வெளியிட்ட 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' என்னும் நாவலோ இந்த வசதியை நமக்குத் தர மறுக்கிறது.

கதை நிகழ்வது 1885இல், நெவாடாவில். மாடு திருடர் கின்கெய்ட் என்னும் பண்ணை ஊழியனைச் சுட்டுக் கொன்றுவிட்டனர் என்ற செய்தி ஊருக்கு வருகிறது. ஷெரீப் ஊரில் இல்லை. முன்னாள் படைத்தலைவர் டெட்லி தலைமையில் ஒரு கூட்டம் புறப்பட்டு, மலைப் பள்ளத்தாக்கில் உறங்கும் மூவரைப் பிடிக்கிறது. அவர்களிடம் மாடுகள் உண்டு. விற்பனைச் சீட்டு இல்லை. அவர்களுள் ஒருவனிடம் கின்கெய்டின் துப்பாக்கியும் இருக்கிறது. சாட்சியம் போதும் என்று தீர்மானித்து, விடியற்காலையில் மூவரையும் தூக்கிலிடுகின்றனர். திரும்பும் வழியில் ஷெரீப் எதிர்ப்படுகிறார். கின்கெய்ட் சாகவில்லை, மாடுகளும் முறையாக விலைக்கு வாங்கப்பட்டவையே. அங்கே நின்ற எவரையும் தாம் அடையாளம் காணவில்லை என்று ஷெரீப் சொல்லிவிடுகிறார். பிலாத்து கைகழுவியதை நாம் நினையாமல் இப்பகுதியைக் கடக்க இயலாது.

திருப்பணியாளராகிய நம்மை முதலில் உறுத்துவது பாப்திஸ்து போதகர் ஆஸ்குட். கூட்டம் புறப்படுமுன் அவர் அதைத் தடுக்க முயலுகிறார். அவர் சொல்வதில் பிழையில்லை. ஆயினும் அவருடைய குரலும் கையசைப்பும் கேட்போருக்குக் கூச்சத்தையே தருகின்றன. கூட்டம் புறப்படுகிறது, அவர் ஊரிலேயே நின்றுவிடுகிறார். ஸ்பார்க்ஸ் என்னும் கறுப்பின ஏழைத் தொழிலாளியோ, பரிகாசமாய் அழைக்கப்பட்டும், சாகப்போகிறவர்களுக்காக ஜெபிக்க உடன் செல்லுகிறான். சிறு வயதில் தன் சகோதரன் இவ்வாறே கொல்லப்பட்டதைக் கண்டவன் அவன். ஆசிரியர் இதைப்பற்றி விரிவுரை எதுவும் செய்யவில்லை. செய்யாததே நலம்.

எனினும் நாவலின் பாரம் கடைக்காரர் டேவிஸ் மீதுதான் விழுகிறது. சட்டத்திற்காகவும் நீதிக்காகவும் தொடக்கமுதல் வாதாடியவர் அவர் ஒருவரே. மூவரும் மாண்ட பின்பு, காயம்பட்டுப் படுத்திருக்கும் கிராஃப்ட்டின் அறைக்கு அவர் வந்து தம் பாவத்தை அறிக்கையிடுகிறார். டெட்லியைத் துப்பாக்கி முனையில் தடுத்திருக்கலாம் என்பது அவருக்கு அப்பொழுதே தெரிந்திருந்தது. தம்மிடம் துப்பாக்கி இல்லாததைக் குறித்து உள்ளூர மகிழ்ந்தார். இதுவே அவருடைய குற்றம். யாக்கோபு 4:17ஐ நாம் எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! ஆங்கிலிக்கன் மரபின் பொதுப் பாவ அறிக்கையும் செய்தவற்றுக்கு முன்பாகச் செய்யாமல் விட்டவற்றையே வைக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தை டேவிஸைப் போல் அஞ்சி நடுங்கிச் சொல்லுகிறவர் நம்முள் எத்தனைபேர்?

கிராஃப்ட் நல்லவன். நீர் மற்றவரைவிட அதிகம் முயன்றீர், பழி எல்லாருக்கும் பொது என்று தேற்றுகிறான். டேவிஸ் அத்தேறுதலை ஏற்க மறுக்கிறார். மறுப்பது சரியே என்பது நம் கருத்து. எல்லாருக்கும் பொதுவாக்கப்பட்ட பழியை ஒருவரும் சுமப்பதில்லை. சுமக்கப்படாத பழிக்கு மன்னிப்பும் இல்லை. மரணப்படுக்கையருகிலும் விசாரணைக் குழுக்களிலும் நாமும் கிராஃப்ட்டின் சொற்களையே எளிதாய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். பாவ அறிக்கையைக் கேட்க ஆளுண்டு, பாவமன்னிப்பை அறிவிக்க ஆளில்லை என்ற நிலையில் டேவிஸை ஆசிரியர் விட்டுவிடுகிறார். நற்செய்தியை அறிந்த வாசகருக்கு இது குறையாகத் தோன்றலாம். போதகரை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்ட கதையில் வேறெது எதிர்பார்க்கத்தக்கது?

குறை வேறிடத்தில் இருக்கிறது. டெட்லியின் மகன் தூக்கிட்டு மாள்கிறான்; தந்தை தம் வாளின்மேல் விழுந்து சாகிறார். பழிவாங்குதலைக் கண்டிக்கும் நூல் இறுதியில் டெட்லியைத் தானே பழிவாங்குகிறது. அவர் மறுவாரமும் மதிப்புக்குரியவராய்த் தெருவில் நடந்திருந்தால் நாம் இன்னும் கலங்கியிருப்போம். உலகில் பெரும்பாலும் நடப்பது அதுவே. தாம் எழுதிய காலத்தில் ஜெர்மனியின் நாசிசம் தம் மனத்தில் இருந்தது என்று கிளார்க் பின்னர் கூறியதையும் எண்ணும்போது, இம்முடிவு மிகவும் எளிதான ஆறுதலாகவே படுகிறது.

1943இல் வில்லியம் வெல்மன் இதைத் திரைப்படமாக்கினார். தூக்கிலிடப்படுமுன் மார்ட்டின் என்னும் இளைஞன் தன் மனைவிக்கு எழுதிய கடிதம் படத்தின் முடிவில் உரக்க வாசிக்கப்படுகிறது. நீதியைப்பற்றிய அழகிய பேருரை அது. நாவலில் அக்கடிதத்தின் ஒரு சொல்லும் நமக்குக் காட்டப்படுவதில்லை. அதைக் கூட்டத்தாருக்கு வாசித்துக்காட்டி அவனைக் காப்பாற்றலாம் என்று டேவிஸ் நினைத்தபோது, அது என் மனைவிக்கு உரியது என்று மார்ட்டின் சினந்து தடுக்கிறான். சாகப்போகிறவனுடைய அந்தரங்கத்தை நல்ல நோக்கத்திற்காகவும் பிறர் எடுத்தாளலாகாது. கல்லறை ஆராதனைகளில் மரித்தோரின் இறுதிச் சொற்களைத் தாராளமாய் எடுத்துரைக்கும் நாம் அந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தோம்.