கடலடியில் கண்டது நகரமா?

கடலுக்கடியில் பண்டைய நகரம் ஒன்று கிடைத்தது என்று கேட்டால் மகிழாதவர் யார்? ஆயினும் அறிவியல் பயில்வோர் மகிழ்வதற்கு முன் ஒரு வினா எழுப்ப வேண்டும்: அது நகரம் என்பது எப்படித் தெரிந்தது? 2001 மே மாதம் வெளியான ஓர் அறிவிப்பை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஆய்வு நடத்தினர். ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில், பழைய ஆற்றுத் தடம் ஒன்றையொட்டிச் சதுரமும் நீள்சதுரமுமான உருவங்கள் பதிவாயின. பின்னர் அங்கு வாரியெடுத்த பொருள்களுள் ஒரு மரத்துண்டின் வயது சுமார் 9,500 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. சிந்துவெளிக்கும் முந்திய நகரம் கிடைத்துவிட்டது என்று 2002 ஜனவரியில் செய்தி பரவியது.

இதில் மறுக்க முடியாத உண்மை ஒன்று உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு விட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகியபோது உலகெங்கும் பரந்த நிலப்பகுதிகள் மூழ்கின. அவற்றை ஒலியலைகளால் வரைபடமாக்கவும் முடியும்.

எங்கள் வல்லக்கோட்டையை அடுத்த ஒரகடம் போன்ற தொழிற்பேட்டைகளில் வெல்டிங் செய்த உலோகத்தை மீயொலி செலுத்திச் சோதிப்பது வழக்கம். உள்ளே வெடிப்பு இருந்தால் எதிரொலி திரும்பும். கப்பலிலிருந்து அனுப்பும் ஒலித்துடிப்பும் இவ்வாறே கடல்தரையிலிருந்தும், அதற்குக் கீழே வண்டல் அடுக்குகள் மாறும் எல்லைகளிலிருந்தும் திரும்புகிறது. சென்று வந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைக்கும்.

இம்முறையின் சிறந்த வெற்றியை வடகடலில் காணலாம். எண்ணெய் தேடத் திரட்டிய அதிர்வலைப் பதிவுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்சென்ட் காஃப்னி குழுவினர் சுமார் 23,000 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆராய்ந்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். மூழ்கிய அந்நிலத்துக்கு டாகர்லாந்து என்று பெயர். அவர்கள் காட்டியவை ஆறுகள், ஏரிகள், கடற்கரைகள். குடிசைகளைக் கண்டதாக அவர்கள் கூறவில்லை, கூறவும் இயலாது. வினாடிக்கு 2,000 மீட்டர் வேகமும் 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் கொண்ட அலையின் நீளம் 50 மீட்டர். அதன் கால்பங்கை, அதாவது சுமார் 12 மீட்டரை, விட மெல்லிய அடுக்குகள் அதில் தனித்துத் தெரியா. ஆகவே வரைபடம் காட்டிய இடங்களில் குழாய் இறக்கி மண்மாதிரி எடுத்தனர். 2019இல் ஒரு சுத்தியல் கல்லின் உடைந்த விளிம்பு கிடைத்தது. வரைபடத்திலிருந்து மனிதன் கை பட்ட ஒரு கல்லை எட்டப் பன்னிரண்டு ஆண்டுகள்!

காம்பேயில் பயன்பட்ட கருவிகள் இதைவிட நுட்பமானவைதாம். ஆனால் அவற்றுக்கும் வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, கடல்தரைக்குக் கீழே நோக்கும் கருவி 3,500 ஹெர்ட்ஸில் இயங்கினால் நீரில் அலைநீளம் சுமார் 0.43 மீட்டர். 40 மீட்டர் ஆழத்தில் அதன் எதிரொலி சுமார் 3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து ஒன்றாகக் கலந்து வரும். ஒரு மீட்டர் அகலச் சுவரையும் ஒரு பாறையையும் அது எப்படிப் பிரித்தறியும்? கடல்தரையின் மேற்பரப்பைப் படமெடுக்கும் பக்கவாட்டு சோனார் இன்னும் கூர்மையானது. எனினும் அது காட்டுவது வடிவத்தை மட்டுமே. கடும் ஓதநீரோட்டம் பாயும் அவ்வளைகுடாவில் நீரே மணலை வரிவரியாக அடுக்கிவிடும்.

மரத்துண்டின் வயது அந்த மரத்தின் வயதே, நகரத்தின் வயதன்று. நர்மதையும் தபதியும் கலக்கும் கடலில் மரம் வந்து சேர்வது வியப்பல்ல. வாரியெடுத்த பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்பதும் தெரியாது. அடுக்கை இழந்த பொருள் சாட்சியத்தையும் இழந்துவிடுகிறது.

நம் பூம்புகார்க் கடலிலும் இதே தவறு நிகழ்கிறது. அங்கே சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு 1991இல் சோனாரில் தெரிந்தது. அவ்வளவு ஆழமான தரை மூழ்கிய காலத்தைக் கணக்கிட்டு, அதையே அமைப்பின் வயதாகக் கூறுவோர் உள்ளனர். அது மனிதன் கட்டியது என்பதை முதலில் நிறுவ வேண்டாமா? ஆற்றுக் கழிமுகத்தில் தரை தானே தாழக்கூடும் என்பதையும் எண்ண வேண்டாமா?

இவ்வாறு கேட்பது நம் தொன்மையைக் குறைப்பதாகாது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அத்தகைய கருவிகளைச் செய்தோர் நகரம் கட்டியவர்கள் அல்லர். ஆயினும் அவர்களால் இந்நிலத்தின் வரலாறு பல இலட்சம் ஆண்டுகள் நீண்டது. ஆழமற்ற பாக் நீரிணையும் ஒருகாலத்தில் மனிதர் நடந்து கடந்திருக்கக்கூடிய நிலமே. நகரம் மட்டுமே வேண்டும் என்று தேடுவோர், அங்கே கிடைக்கக்கூடிய மகரந்தத் தூளையும் சிப்பியையும் கற்சில்லையும் ஏமாற்றமாகக் கருதி ஒதுக்கிவிடுவர். உண்மையான இழப்பு அதுவே.

ஆகவே மாணவ நண்பர்களே, இத்தகைய செய்தியை அடுத்த முறை படிக்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். அலைநீளம் எவ்வளவு? மண்மாதிரி எடுத்தார்களா? வயது கணித்த பொருள் எந்த அடுக்கில் இருந்தது? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு மனமார மகிழலாம்.