இருவர் செல்ல ஒரு மலை: குறிஞ்சித் திணையும் கோடை வாசஸ்தலமும்

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி கேட்டாள்: "என்னங்க, நீங்க ரிட்டயர் ஆகி வருஷம் ஓடிடுச்சு. நாம ரெண்டு பேர் மட்டும் ஏதாவது மலைக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வரலாமா?" மகன் மணாலி என்றான். மருமகள் முசௌரி என்றாள். ஆளுக்கொரு படத்தைக் கைப்பேசியில் காட்டினார்கள். எல்லாப் படத்திலும் அதே பனிமுகடு, அதே பால்கனி, அதே இரண்டு காபிக் கோப்பைகள். "படத்துல எல்லா மலையும் ஒண்ணாத்தான் தெரியுது. நீங்கதான் சங்க இலக்கியம் சங்க இலக்கியம்னு பேசுவீங்களே, எது நல்ல மலைன்னு அதுல பாத்துச் சொல்லுங்க" என்றாள் அவள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. தலைவனும் தலைவியும் கூடும் இடமாக மலையை வகுத்தவர்கள் நம் முன்னோர். இருவர் செல்ல ஏற்ற மலை எது என்பதற்கு அவர்களிடம் விடை இல்லாமலா போகும்?

நாம் பொதுவாகக் குறிஞ்சியை இயற்கைக் காட்சி என்றே படித்துவிட்டோம். பள்ளிப் பாடமும் பட்டிமன்றமும் அப்படித்தான் பழக்கின. அருவி, மூங்கில், மயில், காந்தள் என்று பட்டியல் போட்டு "என்னே இயற்கை வருணனை!" என்று முடித்துவிடுகிறோம். தொல்காப்பியம் அப்படிச் சொல்லவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, நீர், விலங்கு, மரம், தொழில், அங்கு வாழும் மக்கள் ஆகியவை கருப்பொருளைச் சார்ந்தவை. இருவரிடையே நிகழும் ஒழுக்கமே உரிப்பொருள். மற்றவை ஒன்றோடொன்று மயங்கலாம். உரிப்பொருள் மயங்காது என்பது விதி. மலை இருந்தால் மட்டும் குறிஞ்சி ஆகிவிடாது என்பது இதன் பொருள்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்பது அதன் பழங்குறிப்பு. வடபுலத்தான் ஒருவனுக்குத் தமிழ் இன்னதென்று காட்டக் கபிலர் தேர்ந்தது ஒரு மலையையும் இரண்டு மனங்களையும்தான் என்பது தில்லியில் வாழும் நமக்கு நினைக்க நினைக்க இனிக்கும் செய்தி. 261 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் 99 பூக்களின் பட்டியல் வருகிறது. அதை மலைவளத்தின் படப்பிடிப்பு என்று பாராட்டுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆம்பலும் தாமரையும் நெய்தலும் அந்தப் பட்டியலில் உண்டு. இவையெல்லாம் மலைச்சரிவில் பூப்பனவா? கபிலர் மலையைப் படம் பிடிக்கவில்லை. தினைப்புனம் காத்து, அருவியில் ஆடி, வேறு வேலை எதுவுமின்றி இரண்டு பெண்கள் கழித்த ஒரு நீண்ட பகலை அளந்து காட்டுகிறார். பட்டியல் நீள நீள அந்தப் பகலும் நீள்கிறது. அவகாசம்தான் அங்கே பொருள். பூக்கள் அதற்குக் கணக்கு.

அந்தப் பாட்டு எங்கே முடிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கூடலின் இன்பத்தில் அது முடியவில்லை. இரவில் தன்னைக் காணவரும் தலைவனின் வழியில் புலியும் யானையும் பாம்பும் உண்டே என்று தலைவி கண்கலங்குவதில் முடிகிறது. மலைக்காதலின் மறுபாதி வழியைப் பற்றிய கவலை. பத்துப்பாட்டிலேயே மலைபடுகடாமும் இதைத்தான் செய்கிறது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு 583 அடிகளில் வழி சொல்லும் புலவர், வழுக்கும் பாறையையும் பாம்பு உறையும் குழிகளையும், யானையை விரட்டப் புனங்காவலர் வீசும் கவண்கல்லையும் சொல்லி எச்சரிக்கிறார். எந்த ஊரில் யார் என்ன உணவு தந்து உபசரிப்பார்கள் என்றும் சொல்கிறார். இன்றைய சுற்றுலாக் கையேடுகள் காட்சி முனைகளை எண்ணித் தருகின்றன. வழியையும் அங்குள்ள மனிதரையும் சொல்வது எத்தனை?

இனிப் பொழுதுக்கு வருவோம். குறிஞ்சிக்கு உரிய காலம் கூதிர், முன்பனியும் அதற்கு உரியது என்கிறது தொல்காப்பியம். அதாவது ஐப்பசி முதல் தை வரை. நாமோ மே, ஜூனில் போகிறோம். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? 1864 முதல் சிம்லாவைக் கோடைகாலத் தலைநகராக்கிய ஆங்கிலேயரிடமிருந்து. வெயில் தாங்காமல் கோப்புகளோடு மலையேறியவர்கள் அவர்கள். மலையை அவர்கள் நாடியது வெப்பத்திலிருந்து தப்ப. அவர்கள் விட்டுச்சென்ற 'சீசன்' என்ற சொல்லை நாம் இன்னும் விடவில்லை.

அதன் பலனை நானே அனுபவித்திருக்கிறேன். 1990 மே மாதம், கல்யாணமான சூட்டோடு சிம்லா போனோம். கால்காவிலிருந்து 1903-இல் தொடங்கிய அந்தச் சின்ன ரயில், 96 கிலோமீட்டர். அதுவரை சொர்க்கம்தான். தங்கிய விடுதியின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். சாப்பாட்டு வரிசையில் நான், வெந்நீர் வரிசையில் அவள். "நாம ரெண்டு பேரும் சேந்து நின்ன வரிசை ஒண்ணுகூட இல்லீங்க" என்று இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் பாலை ஆகும் என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. 2018 மே மாதக் கடைசியில் சிம்லாவில் குடிநீர் வற்றி, உள்ளூர் மக்கள் குடங்களோடு தெருவில் நின்றார்கள், கோடைவிழாவே தள்ளிவைக்கப்பட்டது. அச்செய்தியைப் படித்தபோது இளங்கோவின் இலக்கணம் எவ்வளவு துல்லியமானது என்று தோன்றியது. அந்த நாட்களில் அங்கே விருந்தாளியாகப் போனவர் குடித்த தண்ணீர் யாருடைய குடத்துத் தண்ணீர்? கேதார்நாத்தில் 2013 ஜூன் வெள்ளம், ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் விரிசல் விட்ட வீடுகள், நம் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ். மலை தன்னால் தாங்க முடிந்ததைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆக, என் மனைவிக்கு நான் சொன்ன விடை இது. எந்த மலை என்பதைவிட எப்பொழுது என்பதை முதலில் கேட்போம். அடுத்து, போகும் வழியை. பிறகு அங்கு வாழ்பவர் என்ன உண்கிறார், நமக்குத் தரத் தண்ணீர் உண்டா என்பதை. காட்சி கடைசியில் வரட்டும். "சரி, இப்பக் கெளம்பலாமா, இல்ல இதையும் கட்டுரையா எழுதிட்டுத்தான் கெளம்பணுமா?" என்றாள்.

கார்த்திகையில், தில்லியில் புகை கண்ணைக் கரித்த ஒரு விடியலில், கோட்துவார் வழியாக லான்ஸ்டவுன் போனோம். காலுடாண்டா என்பது அதன் பழைய பெயர். 1887-இல் படைமுகாமாகத் தொடங்கிப் பின்னர் ஒரு வைஸ்ராயின் பெயரைச் சுமந்த ஊர். அதுவும் வெள்ளைக்காரன் கைபட்ட மலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூதிரில் கூட்டம் இல்லை. முழங்கால் வலிக்கும் அவளுக்கு ஏற்ற சமமான நடைபாதைகள் இருந்தன. இரண்டாம் நாள் நடக்கும்போது ஒரு வீட்டு வாசலில் களைப்பாற உட்கார்ந்தோம். அந்த வீட்டு அம்மாள் உள்ளே அழைத்து, கருத்த ரொட்டி இரண்டு சுட்டு நெய் தடவித் தந்தார். மண்டுவா என்றார். என் மனைவி ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தாள். "என்னங்க, இது நம்ம கேப்பைங்க!" ஆம், கேழ்வரகுதான். மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் அவள் பாட்டி கிண்டிய கேப்பைக் களி, கட்வால் மலையில் ரொட்டியாக வந்திருந்தது. பிறகு அந்த இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து, அரைகுறை இந்தியில் ஒரு மணி நேரம் பேசினார்கள். கருப்பொருள் என்றால் என்ன என்பதை நாற்பது வருடப் படிப்பில் அறியாத அளவுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் அறிந்தேன். பனிமலையும் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் தில்லி திரும்பியதும் அவள் எல்லோரிடமும் சொன்னது அந்த ரொட்டியைப் பற்றித்தான்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, நாங்கள் மணந்தபின் 1994, 2006, 2018 என்று மூன்று முறை பூத்துவிட்டது. முதல் முறை கைக்குழந்தை, இரண்டாம் முறை மகனின் பரீட்சை, மூன்றாம் முறை எனக்கு லீவு இல்லை. மூன்றையும் தவறவிட்டோம். முதுமை வந்து கோலூன்றி இருமுமுன் வதரி சேருங்கள் என்று பாடிய திருமங்கையாழ்வார் நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களைத்தான் நினைத்தாரோ என்னவோ. அடுத்த பூப்பு 2030-இல். எனக்கு அப்போது அறுபத்தேழு. அவள் முழங்காலைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை. "இ-பாஸ் எடுக்கறது உங்க வேலை. நடக்கறது என் வேலை" என்று சொல்லியிருக்கிறாள்.

இளைய தம்பதியர்க்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மலைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். போனால் வரிசையில் தனித்தனியே நிற்காத பருவம் பார்த்துப் போங்கள்.