முகூர்த்தமும் கிம்பலும்: கல்யாண வீடியோவில் கருவித் தேர்வு

தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோ இன்று இரண்டு பிரிவாக நடக்கிறது. சடங்குகளை முதலிலிருந்து கடைசிவரை பதிவுசெய்வதைத் தொழிலில் ‘ட்ரடிஷனல்’ என்பார்கள். அழகான கணங்களைத் திரட்டிச் சில நிமிடப் படமாக்குவது ‘கேண்டிட்’ அல்லது ‘சினிமாட்டிக்’. முதலாவதற்கு நின்ற இடத்திலிருந்து நெடுநேரம் ஓடும் கேமரா வேண்டும். இரண்டாவதற்கு அசைந்துகொண்டே எடுக்கும் கேமரா வேண்டும். செலவைக் குறைக்கவும் படம் முழுவதும் சினிமா போலத் தெரியவும் பல இடங்களில் இரண்டு வேலையும், கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலைப் பிடித்த ஒருவர் தலையிலேயே விழுகிறது. கருவித் தேர்வின் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கிம்பலுக்கு முந்தைய காலத்தில் கையிலோ தோளிலோ சுமக்கும் கேம்கார்டர்தான் மண்டபத்தை ஆண்டது. சோனியின் பிடி170, பின்னால் வந்த எம்சி2500 போன்ற மாதிரிகளை இத்தொழிலில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நின்ற இடத்திலிருந்தே மணமேடையின் எந்த மூலைக்கும் போகும் ஜூம், நெடுநேரம் நிற்காத பதிவு, வெளி மைக்கை நேராக இணைக்கும் வசதி எல்லாம் அந்த வகைக் கேமராக்களின் பலம். சென்சார் மட்டும் மிகச் சிறியது. எம்சி2500இன் சென்சார் கால் அங்குல வகை. மங்கிய ஒளியில் படம் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும் என்பதால் சன்கன் விளக்கின் வெளிச்சத்தை நேராக முகத்தில் அடித்தார்கள். மணமக்கள் கண்ணைச் சுருக்கி வியர்த்து நின்றதும், பின்னணி இருண்டு முகம் மட்டும் வெளிறியதும் அக்கால வீடியோக்களில் அப்படியே பதிவாகியிருக்கின்றன.

2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2, ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 1080 வரிசை வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர். ஸ்டில் கேமராவின் லென்ஸ்களை வீடியோவுக்கும் பயன்படுத்தும் வழி அதோடு எல்லோருக்கும் திறந்தது. 2014இல் சோனி ஏ7எஸ், 2018இல் ஏ7 III, 2020இல் ஏ7எஸ் III என்று மிரர்லெஸ் கேமராக்கள் வரிசையாக வந்தபின் மண்டபத்தின் சொந்த வெளிச்சமே படம் எடுக்கப் போதுமானதாயிற்று. இவற்றில் பூட்டும் எஃப்1.4 லென்ஸ் எஃப்2.8 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். குத்துவிளக்கின் சுடர், ஓமகுண்டத்தின் செம்மை, பட்டின் சரிகை மினுக்கம் ஆகியவை உள்ளபடியே பதிவாகத் தொடங்கியது இந்த மாற்றத்தால்தான். மணமக்கள் விளக்குக் கொடுமையிலிருந்து விடுபட்டார்கள். பெரிய சென்சாரின் வேறெந்த நன்மையையும்விட இது ஒன்றே பெரிது.

நிலைப்படுத்தியின் கதை இன்னும் பழையது. கேரட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேம் 1976இல் ‘பவுண்ட் ஃபார் குளோரி’ படத்தின் வழியாகத் திரைக்கு வந்தது. அதில் மோட்டார் கிடையாது. எடையைப் பரப்பி, சுழலும் இணைப்பில் தொங்கவிட்டு, கேமராமேனின் உடலசைவு கேமராவுக்குப் போகாமல் தடுக்கும் இயந்திர உத்தி அது. 2013இல் ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் மோவி, சென்சார்கள் கட்டுப்படுத்தும் மூன்று மோட்டார்களால் அதே வேலையைச் செய்தது. 2018இல் வந்த டிஜேஐ ரோனின்-எஸ் போன்ற ஒற்றைக் கைப்பிடிக் கிம்பல்கள் சிறு ஸ்டுடியோக்களுக்கும் எட்டும் பொருளாயின.

கிம்பல் எதைத் திருத்தும், எதைத் திருத்தாது என்பது வாங்குவோர் பலருக்குத் தெளிவாக இல்லை. பக்கவாட்டுத் திருப்பம், மேல்கீழ்ச் சாய்வு, உருளல் என்னும் மூன்று சுழற்சி அசைவுகளை அது அடக்கும். கேமரா மொத்தமாக மேலும் கீழும் எழும்பி இறங்குவதை மூன்றச்சு கிம்பல் அடக்காது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் படம் குதிப்பது அதனால்தான். முழங்காலை மடக்கி, குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்தை மெல்ல உருட்டி வைக்கும் நடை பழகியவரிடமே கிம்பல் பலன் தரும். பழகாதவர் கையில் ட்ரைபாடில் வைத்த பழைய கேமரா தருகிற படமே மேல்.

கிம்பல் ஈடிணையின்றி நிற்கும் இடங்களும் உண்டு. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் நாதஸ்வரக் குழுவின் பக்கவாட்டில் நகர்ந்து செல்வது, காசி யாத்திரையில் குடையோடு கிளம்பும் மாப்பிள்ளைக்கு முன்னால் பின்வாங்கி நடப்பது, மாலை மாற்றும்போது மாமன்மார் தோளில் உயர்ந்து விலகும் இருவரையும் சுற்றி வருவது, ஊஞ்சலைச் சுற்றிப் பெண்கள் விளக்கோடு வலம் வரும்போது கூடவே வருவது என எல்லாமே அசைவால் ஆன காட்சிகள். இவற்றை நின்று எடுத்தால் பார்ப்பவர் வெளியே நிற்பார். கூடவே நகர்ந்து எடுத்தால் ஊர்வலத்தின் உள்ளே இருப்பார்.

முகூர்த்தம் வேறு வகை. மணமேடையின் நடுவில் இருவர் அசையாமல் அமர்ந்திருக்கிறார்கள். அசைவெல்லாம் கைகளிலும் கண்களிலும் சுற்றி நிற்பவர் முகங்களிலும்தான் நடக்கிறது. புரோகிதர் கை காட்டியதும் கெட்டிமேளம் எழுகிறது, உறவினர் எல்லோரும் எழுந்து நெருங்குகிறார்கள், அட்சதை பறக்கிறது, சில நொடிகளில் முடிச்சு விழுகிறது. பல சமூகங்களில் நாத்தனார் பின்னாலிருந்து அடுத்த முடிச்சுகளைப் போடுகிறார். ஒரே நேரத்தில் மணமகனின் விரல்கள், குனிந்த மணமகளின் முகம், தாயின் கண்கள் ஆகிய மூன்றும் கிடைத்தாக வேண்டும். இன்னொரு தடவை கேட்டு வாங்க முடியாத காட்சி இது. கிம்பலில் பெரும்பாலும் பூட்டியிருப்பது 24 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸ். அதில் முகம் பெரிதாகத் தெரிய ஒரு மீட்டர் தூரத்துக்குப் போயாக வேண்டும். அங்கே ஏற்கெனவே மாமாவும் சித்தியும் புகைப்படக்காரரும் நிற்கிறார்கள். லென்ஸை மாற்றினால் எடைச் சமநிலை குலைந்து மறுபடி சரிசெய்ய நிமிடங்கள் போகும். ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸானால் முன்பாரம் கூடி மோட்டார் திணறும். சோனியின் 16-35 எஃப்4 பவர் ஜூம் போல உடலுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸ் இந்தச் சிக்கலைக் குறைக்கும். ஆனால் தூரத்தை எட்டும் வீச்சு அதற்கு இல்லை.

எடையும் சேர்ந்துகொள்கிறது. ஏ7 III உடல் 650 கிராம், டாம்ரான் 28-75 லென்ஸ் சுமார் 550 கிராம், டிஜேஐயின் ஆர்எஸ் 3 கிம்பல் சுமார் 1.3 கிலோ. ஆக ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. தோளில் ஏற்றினால் இது பெரிய சுமை அல்ல. நீட்டிய கைகளில் விடியற்காலை முகூர்த்தம் முழுவதும் பிடிப்பது வேறு. கை தளர்ந்தவர் கேமராவை இறக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் தந்தை கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அழகுக்கும் சடங்குப் பதிவுக்கும் இடையிலான முரண்பாடு ஃபோகஸிலும் உண்டு. ஃபுல் ஃபிரேமில் 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்1.4இல் திறந்து இரண்டு மீட்டர் தூரத்தில் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் நான்கைந்து சென்டிமீட்டர்தான். நெற்றிச்சுட்டி தெளிவாக இருக்கும்போது தாலி மங்கிவிடும். எஃப்4க்கு வந்தால் அந்த ஆழம் பத்து சென்டிமீட்டரைத் தாண்டும், சடங்கு படத்துக்குள் அடங்கும். பின்னணி கரைந்த படம் அழகு என்ற எண்ணம் தனி உருவப்படத்துக்குப் பொருந்தும். கல்யாணத்தில் பின்னணி என்பது தாத்தாவும் பாட்டியும்; அவர்களைக் கரைத்துவிடுவது நஷ்டம். கண்ணைப் பின்தொடரும் ஆட்டோ ஃபோகஸ் இன்று வியக்கத்தக்க அளவு தேர்ந்திருக்கிறது. ஆனாலும் குனிந்த முகத்தை மாலை மறைக்கும்போதும், ஓமப்புகை இடையில் வரும்போதும், புரோகிதர் குறுக்கே சாயும்போதும் அது வேறு முகத்துக்குத் தாவும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஃபோகஸைக் கையில் எடுத்துக்கொள்ளும் கேமராமேனின் படமே பிழைக்கும்.

இப்போதைய முறையின் மிகப் பெரிய குறை ஒலியில் இருக்கிறது. சினிமாட்டிக் படத்தில் அதிகம் புழங்கும் ஸ்லோமோஷனுக்கான தனிமுறையில் பல கேமராக்கள் ஒலியைப் பதிவதே இல்லை. பதிந்தாலும் வேகம் குறைந்த ஒலி பயன்படாது. கிம்பலில் மைக் பொருத்தினால் சமநிலைத் தொல்லை என்று அதையும் விட்டுவிடுகிறார்கள். விளைவாக, கெட்டிமேளம் வாழ்நாளில் ஒருமுறை அந்தக் குடும்பத்துக்காக ஒலித்த இடத்தில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. தாரை வார்க்கும்போது தந்தை மெல்லச் சொன்ன வார்த்தைகள், மெட்டி போடும்போது எழுந்த சிரிப்பு, பாட்டி பாடிய நலங்குப் பாட்டு எதுவும் மிஞ்சுவதில்லை. இருபது ஆண்டு கழித்துப் பிள்ளைகள் தேடப்போவது இந்தக் குரல்களைத்தான். புரோகிதரின் மேல்துண்டிலோ மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்திலோ செருகும் சிறு வயர்லெஸ் மைக்கும், மேளக் குழுவுக்கு அருகில் தனியாக ஓடும் ஒலிப்பதிவுக் கருவியும் கிம்பலைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவை இல்லாமல் இரண்டாவது லென்ஸ் வாங்குவது தவறான வரிசை.

ஸ்லோமோஷனுக்கு இன்னொரு தொழில்நுட்பத் தடையும் உண்டு. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து மின்விளக்குகள் பல நொடிக்கு 100 தடவை துடிக்கும். நொடிக்கு 120 சட்டங்களில் (ஃபிரேம்) எடுத்தால் அந்தத் துடிப்பு படத்தில் அலையாகத் தெரியும். கேமராவை PAL முறைக்கு மாற்றி 100 சட்டமும் 1/100 ஷட்டரும் வைத்தால் அடங்கும். சாதாரண வேகத்துக்கு 25 சட்டமும் 1/50 ஷட்டரும். வரவேற்பு மேடையின் எல்இடி திரைகள் தங்கள் சொந்த அதிர்வெண்ணில் துடிப்பவை. அவற்றுக்கு ஷட்டரை நுண்ணிய அளவுகளில் நகர்த்தும் வசதி கேமராவில் இருக்க வேண்டும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால், புகைப்படக்காரரின் ஃபிளாஷ் அடிக்கும்போது வீடியோவில் பாதிச் சட்டம் மட்டும் வெளுத்துப்போவதும் வழக்கம். வேகமாகப் படிக்கும் சென்சாரில் இது குறையும்.

கேமரா உடலைத் தேர்வதில் விளம்பரம் சொல்லும் எண்களைவிட மூன்று சாதாரணக் கேள்விகள் முக்கியம். எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும்? ஏ7 III ஒரே ஓட்டத்தில் சுமார் 29 நிமிடம்தான் பதியும். ஏ7எஸ் IIIக்கும் பானசோனிக் ஜிஎச்5க்கும் அந்த வரம்பு கிடையாது. ஏசி இல்லாத மண்டபத்தில் குண்டத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு தாங்கும்? சோனி எஃப்எக்ஸ்3இல் குளிர்விக்கும் விசிறியே இருக்கிறது. உடல் சிறுத்த பல கேமராக்கள் 4கேயில் சூடேறி நின்றுவிடும். நிறத்தை எத்தனை பிட்டில் பதியும்? ஏ7 III உள்ளே பதிவது 8 பிட். ஊதா விளக்கில் குளித்த வரவேற்பு மேடையில் முகத்தின் நிறத்தை மீட்க 10 பிட் பதிவு பெரிதும் கைகொடுக்கும். ஆனால் இடமும் வேண்டும்: நொடிக்கு 100 மெகாபிட் வீதம் மணிக்கு 45 ஜிபி, 200 வீதம் 90 ஜிபி. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும் வசதி இல்லாத கேமராவைக் கல்யாணத்துக்கு எடுத்துச் செல்வது ஆபத்து.

விருந்தினர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். மேடையைச் சுற்றிக் கிம்பலோடு திரிபவர்கள் மறைப்பதால் வந்தவர்கள் தாலி கட்டுவதை மண்டபத்து எல்இடி திரையில்தான் பார்க்கிறார்கள். அந்தத் திரைக்குப் படம் அனுப்புவதற்கும் உறுதியான முழு அளவு எச்டிஎம்ஐ இணைப்புள்ள, ஓரிடத்தில் நிற்கும் கேமராவே ஏற்றது. ஏ7 IIIஇன் மைக்ரோ எச்டிஎம்ஐ துளை, யாராவது வயரில் கால் தடுக்கினாலே கழன்றுவிடும்.

கிம்பலுக்கும் ட்ரைபாடுக்கும் நடுவில் மோனோபாட் இருக்கிறது. அதன் மதிப்பைத் தொழில் இன்னும் முழுதாக உணரவில்லை. ஒற்றைக் காலில் நிற்கும் கேமராவை ஒரு தரை ஓட்டின் இடத்தில் வைத்து, உடலுக்குள் உள்ள நிலைப்படுத்தலையும் துணைக்கு வைத்துக்கொண்டு, 70-200 லென்ஸால் மேடையின் எந்த முகத்தையும் எட்டலாம். யாரையும் மறைக்காமல் நொடியில் இடம் மாறலாம். உள் நிலைப்படுத்தலை நடையில் நம்பக் கூடாது. அகல லென்ஸில் படத்தின் ஓரங்கள் நெளியும். பந்தியிலும் குழந்தைகள் பின்னாலும் ஓட, 2023இல் வந்த டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 போன்ற கையடக்கக் கேமரா போதும். 179 கிராம்தான், கேமரா முன் கூச்சப்படுகிறவர்களும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

முதலீடு குறைந்த ஸ்டுடியோவுக்கு ஏற்ற வரிசை இதிலிருந்தே வரும். முதலில் வரம்பில்லாமல் ஓடும், இரண்டு கார்டுள்ள ஒரு கேமராவும் நல்ல ட்ரைபாடும். அடுத்து ஒலிக்கருவிகள். பிறகு நிறம் ஒத்துப்போகும்படி அதே நிறுவனத்தின் இரண்டாவது உடலும் மோனோபாடும். கிம்பல் நான்காவதாக வரலாம். அதுவரை ஊர்வலத்துக்கும் மாலை மாற்றுதலுக்கும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதை வாங்கிய பிறகும் முகூர்த்த நேரத்தில் மேடைக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அதிலிருக்கும் கேமராவைக் கழற்றிப் பெண் வீட்டார் அமர்ந்திருக்கும் பக்கம் திருப்பி நிறுத்துவது நல்லது.