மாயக் கையும் முகம் பார்க்கும் கண்ணாடியும்

விபத்தில் கையை இழந்தவர்களில் பலர் விந்தையான ஒரு செய்தியைச் சொல்வதுண்டு. கை போய்விட்டது; ஆனால் அந்தக் கையின் விரல்கள் இன்னும் வலிக்கின்றன என்பார்கள். இல்லாத விரல் எப்படி வலிக்கும்? கேட்பவர்களில் ஒரு சாரார் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று ஒதுக்கிவிடுவார்கள். மற்றொரு சாரார் மந்திரிக்க அழைத்துச் செல்வார்கள். இரண்டினாலும் வலி தீருவதில்லை.

இந்த வலிக்கு மூளையின் அமைப்பிலிருந்து விளக்கம் தேடிய நூல் ‘ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்’. டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், சாண்ட்ரா பிளேக்ஸ்லீ என்ற அறிவியல் எழுத்தாளருடன் சேர்ந்து எழுதி 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டது. வடசென்னைக்காரர்களாகிய நாம் இந்நூலைக் கருத்தூன்றிப் படிக்கக் காரணங்கள் இரண்டு உண்டு. ஆசிரியர் ராயபுரத்தை ஒட்டியுள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது ஒன்று. மற்றொன்று இதனினும் முக்கியமானது. துறைமுகம் முதல் எண்ணூர் வரை எந்திரங்களோடு கைகள் வேலை செய்யும் பகுதி இது. பிரஸ் மிஷினிலும் கடைசல் எந்திரத்திலும் விரலைப் பறிகொடுத்தவர்களை நம் தெருக்களில் காணலாம். ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே ஒரு பிரிவை டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தார். சாய்வாக வெட்டுண்ட விரல் நுனியைச் சீரமைக்க அவரும் டாக்டர் சுப்பிரமணியனும் கண்ட முறை 1980-இல் அனைத்துலக மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆகவே, இழந்த கை மூளையில் என்ன ஆகிறது என்பது நமக்கு ஏட்டுக் கேள்வி அன்று.

பஞ்சும் கண்ணாடியும்

மூளையின் மேற்புறணியில் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் உண்டு. கனடா நாட்டு அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி இந்த வரைபடத்தை வகுத்தார். இதில் கைக்குரிய இடத்தை அடுத்து முகத்துக்குரிய இடம் அமைந்துள்ளது. கையிலிருந்து உணர்ச்சி வராமல் பல ஆண்டுகள் கழிந்த குரங்குகளின் முகத்தைத் தொட்டபோது, கைக்குரிய மூளைப் பகுதி துலங்கியது. இது 1991-இல் வெளியான ஆய்வு.

இதைப் படித்த ராமச்சந்திரன் கை இழந்த ஓர் இளைஞரின் கண்களைக் கட்டிவிட்டுக் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டார். கன்னத்தில் மட்டுமன்றி, இல்லாத கட்டைவிரலிலும் தொடுவதுபோல் இருக்கிறது என்றார் இளைஞர். வெறுமையாகக் கிடந்த கையின் இடத்தை அண்டையிலுள்ள முகம் ஆக்கிரமித்துக்கொண்டது என்பதே ராமச்சந்திரன் தந்த விளக்கம்.

அடுத்தது கண்ணாடிப் பெட்டி. மாயக் கை இறுக மூடிக் கிடக்கிறது, நகங்கள் உள்ளங்கையில் குத்துகின்றன என்று சிலர் துடிப்பார்கள். ‘விரி’ என்று மூளை ஆணையிட்டாலும், விரிந்ததாகச் செய்தி திரும்பி வருவதில்லை. பெட்டியின் நடுவே ஒரு சமதள ஆடியை நிறுத்தி, நல்ல கையை ஒரு பக்கம் வைத்து, ஆடியில் பார்க்கச் சொன்னார் ராமச்சந்திரன். பொருள் ஆடியின் முன் எவ்வளவு தொலைவோ, பிம்பம் ஆடியின் பின் அவ்வளவு தொலைவு; இடம் வலமாகும். இது பள்ளிப் பாடம். வலக் கையின் பிம்பம், இழந்த இடக் கை இருக்கவேண்டிய இடத்தில் தோன்றுகிறது. வலக் கையை விரித்தால் இடக் கையும் விரிவதாகக் கண் மூளைக்குச் சொல்கிறது. சிலருக்கு மாயக் கையின் பிடி தளர்ந்தது, வலி குறைந்தது.

விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, சரியான கேள்வியைக் கேட்டுப் பெற்ற பயன் இது. நூலின் பெருஞ்சிறப்பு இதுவே. தாயைப் பார்த்து ‘என் தாயைப் போலவே இருக்கும் வேறொருத்தி’ என்று கூறும் நோயாளியைப் பற்றிய இயலும் இத்தகையதே. முகத்தை அறியும் பகுதி பழுதின்றி இருக்க, அதிலிருந்து உணர்ச்சிப் பகுதிக்குச் செல்லும் வழி அறுபட்டிருக்கலாம் என்று ஊகித்த ஆசிரியர், தோலின் மின்கடத்துதிறனை அளந்து அந்த ஊகத்தைச் சோதித்தார். அன்புக்குரியவரைக் கண்டதும் நம் தோலில் நுண்ணிய வியர்வை அரும்பி மின்தடை குறையும். இவருக்கோ பெற்றோர் முகமும் அயலார் முகமும் ஒன்றாகவே இருந்தன. மனம் என்று நாம் சொல்வதன் ஒரு கூறு அளவுக்கு உட்படுவதை இங்கே காண்கிறோம்.

விளக்கம் நிற்கிறதா?

நூலின் குறையும் இதே சிறப்போடு ஒட்டியிருக்கிறது. ஓரிரு நோயாளிகளின் கதையிலிருந்து மனித மனம் முழுவதற்கும் தாவிச் செல்லும் வேகம் ஆசிரியருக்கு மிகுதி. கதை சுவையாக இருப்பதால் படிப்பவரும் கூடவே தாவிவிடுகிறார்.

2007-இல் அமெரிக்காவில், கால் இழந்த படைவீரர்களிடம் கண்ணாடி முறையைச் சோதித்தார்கள். மூடிய கண்ணாடியைப் பார்த்தவர்கள், மனத்தில் கற்பனை மட்டும் செய்தவர்கள் ஆகியோரோடு ஒப்பிட்டபோது, கண்ணாடியைப் பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. நல்ல முடிவுதான். ஆனால் நான்கு வாரச் சோதனையை நிறைவு செய்தவர் மொத்தம் பதினெட்டுப் பேரே. பின்வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சான்று இன்னும் போதாது என்றே எழுதினர்.

முகம் கையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்ற விளக்கமோ இன்னும் பெரிய சோதனைக்கு உள்ளானது. தாமர் மேக்கினும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல், மாயக் கையை அசைக்க முயல்வோரின் மூளையில் கைக்குரிய பகுதி முன்போலவே இயங்குவதைக் காட்டினர். 2025-இல் மேக்கின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. கையை அகற்றுவதற்கு முன்னும், அகற்றிய பின் ஐந்தாண்டு வரையிலும், மூவரின் மூளையைக் காந்த ஒத்ததிர்வு முறையில் படம் எடுத்தார்கள். கையின் வரைபடம் ஏறத்தாழ மாறாமல் இருந்தது. இல்லாத கையை மூளை மறக்கவில்லை. அந்த இடத்தை அண்டை உறுப்புக்குக் கொடுத்துவிடவும் இல்லை.

அப்படியானால் கன்னத்தில் தொட்டதை விரலில் உணர்ந்தவர் பொய் சொன்னாரா? இல்லை. உணர்வு உண்மை, அதற்குச் சொன்ன காரணமே ஐயத்துக்குரியது. இயற்பியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. 1824-இல் கார்னோ வெப்ப எந்திரங்களைப் பற்றி எழுதியபோது, வெப்பம் ஒரு பாய்மம் என்றே கருதினார். அந்தக் கருத்து வீழ்ந்தது. அவர் கண்ட தேற்றம் இன்றும் நிற்கிறது. ஒரு முறை பயன் தருவதாலேயே அதற்குச் சொன்ன காரணம் சரியாகிவிடாது. காரணம் தவறு என்பதாலேயே பயன் பொய்யாகிவிடாது.

இந்த வேறுபாடு வலியோடு வாழ்பவருக்கு மிக இன்றியமையாதது. ‘உன் மூளை தன்னை மாற்றி எழுதிக்கொண்டது, கண்ணாடியைப் பார், சரியாகிவிடும்’ என்று உறுதி கூறினால், பயன் கிட்டாதவர் தன் மனத்தையே குற்றம் சொல்லிக்கொள்வார். ‘உங்கள் மூளையில் அந்தக் கை இன்னும் இருக்கிறது; வலி கற்பனை அன்று; கண்ணாடி சிலருக்கு உதவியிருக்கிறது, மருத்துவரின் மேற்பார்வையில் முயன்று பார்க்கலாம்’ என்பதே இன்றைய அறிவுக்கு ஏற்ற நேர்மையான சொல்.

எங்கள் கல்லூரி மாணவர்களில் பலர் திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் இந்நூலைப் படிக்கவேண்டும். நம் பகுதியில் பயின்றவர் எழுதியது என்ற பெருமிதத்தோடு படிப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வோர் இயலிலும் மூன்றைப் பிரித்துக் குறித்துக்கொள்ளவேண்டும்: நோயாளி சொன்னது எது, ஆசிரியர் அளந்தது எது, அவர் ஊகித்தது எது. முதல் இரண்டும் பெரும்பாலும் இன்றும் செல்லுபடியாகும். மூன்றாவதைப் புதிய ஆய்வுகளோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கவேண்டும். வீட்டிலோ தெருவிலோ கை இழந்த ஒருவர் ‘விரல் வலிக்கிறது’ என்றால், சிரிக்காமல் அவர் சொல்வதைக் கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் இப்படிப்பு உதவவேண்டும்.