கேட்கும் செவியும் எழுதும் கையும்

பொதுமக்களின் பணத்தால் இயங்கும் ஒலிபரப்பு நிலையம் ஒன்று, தன் நேயர்களை நோக்கி, "உங்கள் கதைகளை எமக்கு அனுப்புங்கள்" என்று அறிவிக்குமாயின், அதனை வெறும் சரக்குக் கொள்முதல் என்று கருதிவிடல் ஆகாது. எத்தகைய கதை வேண்டும், எவ்வளவு நேரத்திற்குள் அது முடிய வேண்டும், யாருடைய குரலில் அது ஒலிக்கும் என்று அந்நிலையம் செய்யும் முடிவு ஒவ்வொன்றும் எழுதுகின்றவரின் கையைப் பிடித்து நடத்துகின்றது. ஆகவே வானொலிக் கதைகளைத் திறனாயப் புகுவோர் கதையை மட்டும் எடைபோடுதல் போதாது. அதனைக் கேட்டு வாங்கிய செவியையும் எடைபோட வேண்டும் என்பது நம் கருத்து.

இந்நோக்கில் ஆராய்வதற்கு, பி.பி.சி. நிறுவனம் மேற்கிந்தியத் தீவுகளுக்காக நடத்திய 'கரீபியன் குரல்கள்' என்னும் வார நிகழ்ச்சி மிகவும் தகுதியான சான்றாகும். ஜமைக்காவைச் சேர்ந்த கவிஞர் ஊனா மார்சன் என்னும் பெண்மணி 1943ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இங்கிலாந்திலிருந்த தீவுப் படைவீரர்கள் தம் இல்லத்தாருக்குச் செய்தி சொல்வதற்கென அமைந்த ஒலிபரப்பின் நடுவே, கதைக்கும் கவிதைக்கும் இடம் தேடிக் கொடுத்தவர் அவரே. 1946 முதல் 1954 வரை அயர்லாந்தில் பிறந்த ஹென்றி ஸ்வான்சி அதன் ஆசிரியராயிருந்தார். பின்னர் வி.எஸ். நைப்பாலும், அவரையடுத்து எட்கர் மிட்டல்ஹோல்சரும் அப்பொறுப்பை ஏற்றனர். 1958இல் நிகழ்ச்சி நின்றது.

அந்நாளில் அத்தீவுகளில் எழுதுகின்றவனுக்கு இருந்த வாய்ப்புகள் மிகச் சில. பார்படோசில் 1942இல் தோன்றிய 'பிம்', அந்நாளைய பிரிட்டிஷ் கயானாவில் 1945இல் தோன்றிய 'கைக்-ஓவர்-ஆல்' ஆகிய சிற்றேடுகள் அரும்பணி ஆற்றின எனினும், எழுத்தாளனுக்கு ஊதியம் தரும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. நூல் வெளியிடுவோரும் அரியராகவே இருந்தனர். இந்நிலையில், கதைக்குப் பணமும் தந்து, ஒரே மாலையில் பல தீவுகளிலும் அதனை ஒலிக்கச் செய்த நிகழ்ச்சி எத்துணைப் பெரிய வாயிலாக இருந்திருக்கும் என்பதை நேயர்கள் எளிதில் உணரலாம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரிலிருந்த கிளாடிஸ் லிண்டோ என்னும் அம்மையார் கையெழுத்துப் படிகளைப் பெற்று லண்டனுக்கு அனுப்பிவந்தார். டிரினிடாட் எழுத்தாளனின் குரல் பார்படோசுக்குச் சென்று சேர, இவ்வாறு ஒரு கடலைச் சுற்றி வரவேண்டியிருந்தது.

ஸ்வான்சியின் சிறப்பு யாது? அவர் நல்ல கதைகளைத் தேர்ந்தெடுத்தார் என்பது மட்டும் அன்று. இங்கிலாந்து நாட்டுப் பனியையும் பூக்களையும் பாடநூலில் கற்று அவற்றையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தவர்களிடம், உங்கள் தெருவை எழுதுங்கள், உங்கள் சந்தையை எழுதுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். வந்த எழுத்துகளைப் பற்றிய மதிப்பீட்டை அவ்வப்போது வானொலியிலேயே வெளிப்படையாக வைத்தார். எழுதியவர்களுடன் மடல்வழித் தொடர்பு கொண்டு குறை நிறைகளைக் கூறினார். கதை அனுப்புகின்றவன் எதிர்பார்ப்பது ஒப்புதலை மட்டும் அன்று. தன் எழுத்தை ஒருவர் உண்மையாகவே படித்தார் என்பதற்கான அடையாளத்தையும் அவன் எதிர்பார்க்கின்றான். அந்த அடையாளத்தைப் பெற்றவன் மறுக்கப்பட்டாலும் மீண்டும் எழுதுவான்.

செவிக்கு எழுதும் பழக்கம் உரைநடையில் என்ன விளைவித்தது என்பதும் நோக்கத்தக்கது. இந்நிகழ்ச்சியில் தொடர்ந்து பங்குபெற்ற சாம் செல்வன், டிரினிடாட்டில் 1923இல் பிறந்தவர். அவருடைய தந்தை சென்னையிலிருந்து சென்று அங்குக் குடியேறியவர். அவர் 1956இல் வெளியிட்ட 'தனித்த லண்டன்வாசிகள்' என்னும் பொருள்படும் புதினத்தில், பாத்திரங்களின் உரையாடல் மட்டும் அன்றிக் கதை சொல்லும் நடையே தீவு மக்களின் பேச்சு வழக்கில் அமைந்துள்ளது. முதலில் அதனைச் செந்நெறி ஆங்கிலத்தில் எழுத முயன்றதாகவும், நடை நகர மறுத்ததாகவும், பேச்சு வழக்குக்கு மாறிய பின்னரே கதை ஓடியதாகவும் அவர் பின்னாளில் கூறியுள்ளார். நைப்பாலும் தம் 'மிகுவல் தெரு'வின் முதல் வாக்கியத்தை, லண்டனில் பி.பி.சி.யின் அறையொன்றில், நிலையத்தின் பழைய தட்டச்சுப் பொறியில், ஒலிவாங்கியின் முன் புரட்டினாலும் சலசலக்காத வானொலித் தாளில் எழுதியதாகக் குறிப்பிட்டுள்ளார். ஓசை எழுப்பாத அந்தத் தாளில் ஓசையையே உயிராகக் கொண்ட வாக்கியங்கள் பிறந்தன. கண்ணுக்கு எழுதுகின்றவன் நீண்ட வாக்கியத்தில் ஒளிந்துகொள்ளலாம்; செவிக்கு எழுதுகின்றவனுக்கு அவ்வசதி இல்லை. திரும்பிப் படிக்க இயலாத நேயர் ஒருமுறை வழிதவறினால் தவறியதுதான்.

எனினும் புகழுரையோடு நின்றுவிடுதல் திறனாய்வு ஆகாது. பார்படோஸ் எழுத்தாளர் ஜார்ஜ் லாமிங் இந்நிகழ்ச்சியின் அமைப்பைச் சர்க்கரை வாணிகத்தோடு ஒப்பிட்டார். தீவில் விளைந்த கரும்பு கடல் கடந்து சென்று தூய்மை செய்யப்பெற்று, மீண்டும் தீவுக்கே விற்பனைக்கு வருவதுபோல், கதையும் சென்று திரும்புகின்றது என்பது அவர் கருத்து. இதே நிகழ்ச்சியால் பயன்பெற்றவரும், ஸ்வான்சியின் தொண்டைப் போற்றியவரும் ஆகிய ஒருவர் கூறியது ஆதலின் இதனை நன்றி மறந்த சொல் என்று தள்ளிவிட இயலாது. எது இலக்கியம் என்று முடிவு செய்த செவி லண்டனில் இருந்தது. மண்ணின் மணம் வேண்டும் என்ற கோரிக்கையும் அங்கிருந்தே வந்தது. அக்கோரிக்கை நல்லதுதான்; ஆயினும் மண்ணின் மணம் எது என்பதைத் தொலைவிலிருப்பவர் தீர்மானிக்கும்போது, எழுதுகின்றவன் தன் ஊரை அயலாருக்கு வேடிக்கைப் பொருளாக்கும் தீங்கு நேரலாம். தீவில் இருந்தவரின் கதையை லண்டனில் கிடைத்த குரல் படித்தமையால், எழுதியவரின் ஏற்ற இறக்கம் வழியிலேயே மாறிப்போகவும் இடமிருந்தது.

இக்குறை பி.பி.சி.க்கு மட்டும் உரியது அன்று. 1999இல் அமெரிக்கப் பொது வானொலியில் எழுத்தாளர் பால் ஆஸ்டர், நேயர்கள் தம் வாழ்வில் நிகழ்ந்த உண்மைக் கதைகளைச் சுருக்கமாக எழுதி அனுப்பலாம் என அழைப்பு விடுத்தார். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கதைகள் குவிந்தன. அவற்றுள் 179 கதைகள் 2001இல் நூலாயின. எழுதும் தொழிலில் இல்லாத மக்களின் நெஞ்சத்தை இத்துணை விரிவாகத் திறந்து காட்டியமை பாராட்டுக்குரியது. ஆயினும் வானொலியில் அக்கதைகளைப் படித்தவர் ஆஸ்டரே. ஆயிரம் வீடுகளிலிருந்து வந்த கதைகள் ஒரே தேர்ந்த குரலில் ஒலித்தன. அக்குரல் இனியதாயினும், பாட்டியின் திக்கலும் உழவனின் தயக்கமும் அதில் கரைந்துவிடுகின்றன அல்லவா? ஒலி ஊடகத்தில் குரலும் கதையின் ஒரு பகுதியே என்பதை நாம் மறத்தல் கூடாது.

இன்று நிலை மாறியுள்ளது. கையடக்கத் தொலைபேசியிலேயே கதையைப் பதிவு செய்து, எழுத்துப் படிக்குப் பதிலாக ஒலியையே நிலையத்திற்கு அனுப்ப இயலுகின்றது. எழுதியவரின் குரல் வழியில் தொலைந்துபோகும் குறை இதனால் பெரிதும் நீங்கும். ஆனால் கருவி எளிதானதால் செவி கூர்மையாகிவிடும் என்று எண்ணுவதற்கில்லை. வரவு பெருகும்போது படித்துப் பதில் எழுதும் பொறுமையே முதலில் பலியாகின்றது. பெற்றுக்கொண்டோம் என்ற இயந்திர மறுமொழி ஒன்றை அனுப்பிவிட்டு மௌனம் காக்கும் நிலையம், கதைகளைச் சேர்க்கலாம். எழுத்தாளர்களை உருவாக்குதல் இயலாது.

ஆதலின் கதை கேட்கும் பொது நிலையங்களிடம் நாம் வேண்டுவன சில உள. தேர்வு செய்வோருள் கதை பிறந்த மண்ணைச் சேர்ந்தவரும் இருத்தல் வேண்டும். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் காரணம் சொல்லுதல் வேண்டும். பேச்சு வழக்கைத் திருத்துமுன் உரியவரைக் கேட்டல் வேண்டும். உழைப்புக்கு ஊதியம் தருதல் வேண்டும். எழுதுகின்றவர்க்கும் ஒன்று கூறுவோம்: நிலையம் விரும்புவது எது என்று முகர்ந்து பார்த்து எழுதாதீர்கள். அனுப்புமுன் உங்கள் கதையை உங்கள் வீட்டார் முன் உரக்கப் படியுங்கள்; அவர்கள் முகம் வாடும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

கரீபியன் தீவுகளின் எழுத்தாளர்கள் பின்னாளில் உலகின் உயர்ந்த விருதுகளைப் பெற்றனர். இந்நிகழ்ச்சியில் இடம்பெற்ற டெரக் வால்காட் 1992இலும், நைப்பால் 2001இலும் நோபல் பரிசு பெற்றனர். அவர்களின் ஆற்றலை வானொலி படைத்தது என்று கூறுதல் மிகையாகும். ஆற்றல் அவர்களுடையது. அது முளைவிடும் பருவத்தில், வாரந்தோறும் தவறாமல் ஒரு செவி காத்திருந்தது என்பதே உண்மை. அச்செவி அவர்தம் சொந்த ஊரிலேயே இருந்திருக்குமாயின், அவருள் எத்தனை பேர் கப்பலேறாமல் இருந்திருப்பர் என்னும் வினாவை மட்டும் வரலாறு நம்மிடம் விட்டுச் சென்றுள்ளது.