நீர்நத்தைக் குடும்பமும் பெயர் மரபும்

விலங்கியலார் நேற்று ஒரு பெயர் வைக்கின்றனர், இன்று மாற்றுகின்றனர், ஆதலின் அப்பெயர்களைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிப்பதால் பயனில்லை என்று கூறுவாருளர். இக்கூற்று பொருந்துமா என்பதை ஆப்பிள் நத்தைக் குடும்பத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் நன்னீர் நத்தைப் பேரினம் ஒன்றுக்கு 1798இல் ரோடிங் என்பார் ‘பைலா’ எனப் பெயரிட்டார். இலத்தீனில் அது பந்தைக் குறிக்கும். மறு ஆண்டே லமார்க் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனையே ‘ஆம்புலாரியா’ என்றார். குடுவை என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்தது அது. முந்திய பெயரே நிற்கும் என்பது பெயரிடுமுறையின் விதி. ஆகவே பைலா நிலைத்தது.

குடும்பப் பெயரின் கதை வேறு. 1824இல் கிரே ‘ஆம்புலாரிடே’ என்றார். 1915இல் பிரெஸ்டன் ‘பைலிடே’ என்றார். இரண்டும் நூல்களில் வழங்கிக் குழப்பம் விளைத்தன. 1999இல் விலங்கியற் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் ஆம்புலாரிடே என்பதே ஏற்புடையது எனத் தீர்ப்பளித்தது. இந்தியப் பாடநூல்கள் சிலவற்றில் பைலிடே என வருவது பழைய வழக்கின் எச்சமேயாகும்.

இனி, தென்னமெரிக்க நத்தையாகிய ‘பொமேசியா’வை நோக்குவோம். உணவுக்கென ஆசியாவுக்குக் கொணரப்பட்ட இது, 1990களின் தொடக்கத்தில் மலேசிய நெல்வயல்களையும் அடைந்து இளநாற்றை அழிக்கலாயிற்று. ஓட்டின் வடிவை மட்டும் கண்டோர் ஆசியாவிற் பரவியது ஓரினமே என எண்ணினர். பிற்காலத்து மரபணு ஆய்வோ கனாலிகுலாட்டா, மகுலாட்டா என ஈரினம் உண்டெனக் காட்டியது. மேலும், இன்சுலாரம் என வழங்கியதும் மகுலாட்டாவே என 2012இல் தெளிந்தனர். 1810இல் பெர்ரி இட்ட பழம்பெயர் இவ்வாறு மீண்டும் தலைதூக்கியது. இது தடுமாற்றமன்று, சான்று கண்டு திருந்தும் நேர்மையே.

தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவின் அளவால் வகுத்து, நந்தினை ஈரறிவுயிராக வைத்தது. இன்றோ நத்தைக்குக் கண்ணும் மோப்பவுணர்வும் உண்டென அறிவோம். அதனால் தொல்காப்பியர்க்கு இழுக்கில்லை. ஓர் அளவுகோலைக் கொண்டு முறையாக வகுத்தலே அவர் காட்டிய நெறி. அந்நெறி இன்றும் பழுதுபடவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்பார் வயலுக்குச் சென்று காண்க. ‘தங்க நத்தை’ என்கிறோம். ஆனால் வயலிற் காண்பவற்றுட் பல பழுப்பு நிறத்தன. நிறத்தை நம்பியவன் பகையை விட்டு, தீங்கற்ற உள்நாட்டுப் பைலாவை நசுக்கிவிடக் கூடும். நீருக்கு மேலே தண்டில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தை ஒட்டுவது பொமேசியா. கரை மண்ணில் வெண்ணிற முட்டையிடுவது பைலா. இரண்டையும் ‘ஆப்பிள் நத்தை’ என்னும் ஒரே சொல்லால் குறித்து அமைதல் போதாது. குடும்பப் பெயரோடு பேரினப் பெயரையும் சேர்த்துக் கற்பித்தல் தமிழாசிரியர் கடனாம். பிழைபட்ட பெயர் பிழைபட்ட செயலுக்கு வித்தாகும் அன்றோ?